அண்ணனே இல்லாதவனின் அண்ணன் மகள்

உங்கள் பொறுப்பாளர் போன வாரம் விஜயநகரில் என் வீட்டுக்கு வந்து, "புதுசா மூணு பேர் சேர்ந்திருக்காங்க சார், உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் கொடுங்க" என்று கேட்டார். காபி குடித்து முடிக்கும் வரை நான் பிகு செய்தேன். அவர் எழுந்து செருப்பை மாட்டியதும், எங்கே விட்டுவிடுவாரோ என்று பயந்து அவசரமாக ஒப்புக்கொண்டேன். ஆகவே இதைப் பெரிய மனிதரின் உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓய்வு பெற்றவனுக்குப் பேச ஆள் கிடைப்பதில்லை. நீங்கள் மூன்று பேர் மாட்டியிருக்கிறீர்கள்.

எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது, எந்த மாடியில் எந்தப் பிரிவு என்பதெல்லாம் இதில் வராது. நான் கற்றுவைத்த மாடிகளில் பாதியை இடித்துவிட்டார்கள், மீதிக்கு எண்ணை மாற்றிவிட்டார்கள். நம் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். வேறு நாட்டிலிருந்து தப்பி வந்து மைசூரில் புதிதாகத் தங்கியிருப்பவர்களை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், வைத்தியம் கிடைக்கும் வரை கூட நிற்பது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. இருபத்தைந்து வருடத்தில் அதை எத்தனை விதமாகக் கெடுக்க முடியுமோ அத்தனை விதமாகவும் கெடுத்துப் பார்த்தவன் நான்.

முதல் வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டேன். அப்போது நம் அலுவலகம் மண்டி மொஹல்லாவில் ஒரு வெங்காய மண்டிக்கு மேலே இருந்தது. இலங்கையில் மன்னாரிலிருந்து வந்து ஊதுபத்தி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த மரியதாஸ் என்பவர், ஒரு பக்கக் கன்னம் வீங்கி வந்து நின்றார். பல் வலி. "வாங்க, ஆஸ்பத்திரியில எனக்கு எல்லாம் தெரியுமுங்க" என்று கிளம்பினேன். அதற்கு முன் நான் அந்த ஆஸ்பத்திரிக்குள் போனது ஒரே ஒரு தடவை, பெரிய அக்காவின் பிரசவத்துக்கு ஃபிளாஸ்க் தூக்கிக்கொண்டு.

உள்ளே போனதும் எது மிக நீளமான வரிசையோ அதுதான் ஓ.பி. சீட்டு வரிசை என்று முடிவு கட்டினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது மரியதாஸுக்குத் தெரிந்துவிடுமே! ஒன்றேகால் மணி நேரம் வெயிலில் நின்றோம். வரிசையின் முனைக்கு வந்ததும் ஒருவர் ஆளுக்கொரு பாக்குமட்டைத் தட்டைக் கொடுத்தார். இன்னொருவர் அதில் புளியோதரை வைத்தார். யாரோ ஒரு குடும்பத்தார் தங்கள் அப்பாவின் திதிக்கு அன்னதானம் செய்துகொண்டிருந்தார்கள்.

மரியதாஸ் மறுபேச்சில்லாமல் வாங்கி, வீங்காத பக்கமாக மென்று தின்றார். பிறகு மெல்லக் கேட்டார். "தம்பி, இஞ்ச பல்லுப் பாக்கிறதுக்கு முதல் சாப்பாடு குடுத்துத்தான் சோதிக்கிறவையோ?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அப்படிப்பட்ட ஆள் நான். அதற்குள் பல் டாக்டர் எழுந்து போய்விட்டார். மறுநாள்தான் பல்லைப் பிடுங்கினார்கள். என் மானத்தைக் காப்பாற்ற அந்த மனிதர் ஒரு ராத்திரி முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெரியவில்லை என்றால் வாசலில் நிற்கும் காவலாளியைக் கேளுங்கள், அவ்வளவுதான். புளியோதரை நன்றாக இருந்தது என்பதையும் உண்மையை முன்னிட்டுச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தவறிலிருந்து நான் பாடம் கற்றேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. வேறு விதமாகத் தவறு செய்யக் கற்றேன். அதைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

இலங்கையில் பெட்ரோலுக்கும் பால் பவுடருக்கும் சனங்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற வருடம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது மரியதாஸ் என்னைத் தேடி வந்தார். அவருடைய தம்பி மகன் சசிகரனும் அவன் மனைவி நிரோஜினியும் படகில் ராமேஸ்வரம் பக்கம் கரையேறி, முகாமில் சில மாதம் இருந்துவிட்டு, இப்போது மைசூரில் அவர் வீட்டில் இருக்கிறார்கள். பெண்ணுக்கு ஏழாம் மாதம். "நீங்கள்தான் பாத்துக்கொள்ளோணும் தம்பி" என்றார். பல் வலிக்குப் புளியோதரை கொடுத்தவனை நம்பிப் பிள்ளைத்தாச்சியை ஒப்படைக்கிறாரே என்று எனக்கே பரிதாபமாக இருந்தது.

ஆனால் அதற்குள் நான் ஆஸ்பத்திரியில் பெரிய புள்ளி. காவலாளி சல்யூட் அடிப்பார். சின்ன டாக்டர்கள் அண்ணா என்பார்கள். கேன்டீனில் எனக்கு மட்டும் சர்க்கரை குறைவாக டீ வரும். இதற்கெல்லாம் தலை கனக்காமல் என்ன செய்யும்? கழுத்து வலிக்கிற அளவுக்குக் கனத்திருந்தது.

நிரோஜினிக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். கையில் முகாமில் கொடுத்த ஓர் அட்டை மட்டும். அதைக் காட்டினால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், போலீசுக்குப் போன் போடுவார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு ஒரு பயம். யாராவது அப்படிச் சொன்னார்களா? இல்லை. எங்காவது அப்படி நடந்து பார்த்திருக்கிறேனா? அதுவும் இல்லை. இருந்தாலும் ஆட்டோவிலேயே திட்டத்தைச் சொல்லிவிட்டேன்.

"இங்க பாரும்மா. ஆஸ்பத்திரியில நீ எங்க அண்ணன் புள்ள. ஊரு கௌதள்ளி. பேரு சரோஜா. வாயவே தொறக்கப்படாது. பேசினா உன்ற பேச்சுலயே கண்டுபுடிச்சுப்போடுவாங்க. யாரு என்ன கேட்டாலும் நான் சொல்லிக்கறேன்."

அவள் கையில் இருந்த அட்டையைப் பைக்குள் வைத்தாள். பிறகு, "ஏன் ஐயா, நாங்கள் இஞ்ச இருக்கிறது பிழையோ?" என்று கேட்டாள்.

"பிழையெல்லாம் இல்லம்மா. எதுக்கு வம்பு?"

எதுக்கு வம்பு! நம் தொழிலில் இந்த இரண்டு வார்த்தைகள் செய்த கெடுதலை எந்தக் காய்ச்சலும் செய்ததில்லை.

கௌதள்ளியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஹனூர் தாலுகாவில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கும் ஊர், என் பெற்றோர் பிறந்த ஊர். தமிழ்ப் பெண் ஒருத்தியை அங்கிருந்து வந்தவள் என்றால் மைசூரில் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். எனக்கு அண்ணன் கிடையாது, மூன்று அக்காள்கள்தான். அதனால் என்ன, வாயாலேயே ஓர் அண்ணனைப் பெற்றுக்கொண்டேன்.

கர்ப்பிணிகள் பிரிவில் ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் டாக்டர்களே குரலைத் தாழ்த்துவார்கள். நாற்காலியில் உட்கார்ந்த நிரோஜினியைப் பார்த்துத்தான் கேட்டார், பதில் சொன்னது நான்.

"எந்த ஊரும்மா?"

"கௌதள்ளிங்க சிஸ்டர். எங்க அண்ணன் மக."

"ஹௌதா, அப்படியா? எங்க வீட்டுக்காரருக்கும் அதே ஊருதான். எந்தத் தெரு?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "மேலத் தெருங்க."

"மேலத் தெருவுல யார் வீட்டுப் பக்கம்?"

"புது வீடுங்க சிஸ்டர். இப்பத்தான் கட்டினாங்க. பால் காய்ச்சி மூணு மாசங்கூட ஆகல."

"சரி. இது எத்தனாவது புள்ள?"

"மொதப் புள்ளைங்க. போன வருசந்தான் கண்ணாலம் ஆச்சு."

பொய்யில் ஒரு வசதி, அது தானாக வளர்ந்துகொள்ளும். அந்தக் கல்யாணத்தில் என்ன பலகாரம் போட்டார்கள் என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். சிஸ்டர் என்னை விட்டுவிட்டு நிரோஜினியைப் பார்த்து, "மொதல் புள்ளையாம்மா?" என்று இன்னொரு தடவை கேட்டார். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தலை குனிந்துகொண்டாள்.

"கூச்ச சுபாவமுங்க" என்றேன்.

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் தாயி கார்டு கிடைத்துவிட்டது. சரோஜா, கௌதள்ளி, முதல் பிரசவம். அலுவலகத்துக்கு வந்து நான் அடித்த தம்பட்டத்தில் கீழே மண்டியில் வெங்காயம் எடை போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை பரிசோதனைக்குப் போனோம். "சரோஜா!" என்று கூப்பிட்டால் அவள் அசையமாட்டாள். அது அவள் பெயர் இல்லையே, பாவம். நான் எழுந்து, "காது கொஞ்சம் மந்தமுங்க" என்று சமாளிப்பேன். ஒரு பெண்ணின் பேரை மாற்றி, ஊரை மாற்றி, ஊமையும் செவிடுமாக ஆக்கிவிட்டு, அதற்குச் சேவை என்று பெயர் வைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு வலி எடுத்தது. சசிகரன் ஊருக்கு வெளியே கட்டட வேலையில் இருந்தான், போனை எடுக்கவில்லை. அவனைக் கூட்டிவர மரியதாஸ் ஓடினார். நான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் அரசு ஆஸ்பத்திரியில் காரியம் சாதிப்பது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு அதே சிஸ்டர் வந்தார். அந்த வாரம் அவருக்குப் பிரசவ வார்டில் முறை.

"அண்ணா, இது மொதல் பிரசவமா?"

"ஆமாங்க சிஸ்டர்."

"நெஜமா?"

"நெஜமாங்க. போன வருசந்தான்..."

"போதும்." குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தினார். அதுதான் பயமாக இருந்தது. "முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். மொதல் பிரசவம் இத்தனை வேகமா எறங்காது. கை வெச்சுப் பாத்தாலும் தெரியுது. அவளைக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறா, கதவையே பாக்கறா. உங்களுக்கு மூணு அக்கா, அண்ணனே கிடையாதுன்னு எங்க வீட்டுக்காரர் அன்னைக்கே சொல்லிட்டாரு. ஊரப் பத்திப் பொய் சொல்லுங்க, பேரப் பத்திப் பொய் சொல்லுங்க, ஏதோ கஷ்டம்னு விட்டேன். வயித்தப் பத்தி ஏன் பொய் சொன்னீங்க? முன்னாடி பிரசவம் ஆயிருக்கா, அதுல என்ன ஆச்சு, எனக்கு இப்பவே தெரியணும்."

தம்பி தங்கைகளே, நெருக்கடியில் மனம் தெளிவாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு முதலில் தோன்றியது என் சல்யூட் போய்விடுமே என்பதுதான். அடுத்து போலீஸ். அடுத்து, பிடிவாதமாக ஆமாம் என்றே சொல்லிவிடலாமா என்பது. கடைசியாகத்தான் உள்ளே படுத்திருக்கிறவள் நினைவுக்கு வந்தாள். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அவளுக்கு முன்னால் பிள்ளை பிறந்ததா இல்லையா என்பது எனக்கே தெரியாது. அவளைக் கேட்டதில்லை. சசிகரனைக் கேட்டதில்லை, மரியதாஸைக் கேட்டதில்லை. பொய் சொல்கிறவனுக்கு உண்மையாவது தெரிந்திருக்க வேண்டும். நானே கட்டிய கதையை நானே நம்பி, அதைக் கொண்டுபோய் அவள் கார்டில் எழுத வைத்திருந்தேன்.

"எனக்குத் தெரியாதுங்க சிஸ்டர்" என்றேன். அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன் நான் சொல்லியே இராத வாக்கியம் அது.

அவர் கதவைப் பாதி திறந்து பிடித்தார். உள்ளே ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னாலிருந்து மூச்சு வாங்கும் சத்தம். பிறகு குரல்.

"ஐயா நிக்கிறாரோ?"

"இருக்கேம்மா. இங்கதான் இருக்கேன்."

ஒரு வலி வந்து போனது. பிறகு கேட்டாள்.

"ஐயா, நான் கதைக்கட்டோ?"

பேசட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டாள். உயிர் போகிற வலியில், தன் உடம்பைப் பற்றித் தானே சொல்வதற்கு, எவனோ ஒரு ஆஸ்பத்திரித் தரகனிடம் அனுமதி கேட்டாள். என் வாழ்க்கையில் அதைப் போல் நான் வெட்கப்பட்டதில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"சொல்லும்மா. எல்லாத்தையும் சொல்லிப்போடு. நான் சொன்னது ஒண்ணையும் நெனைக்காத."

அதன் பிறகு அவள் சிஸ்டரிடம் நிறுத்தாமல் சொன்னாள். "இது ரெண்டாவது பிள்ளை, மிஸி. முதல் பிள்ளை மகன். பிறந்து அரை மணித்தியாலத்தில மோசம் போயிட்டான். பிறகு எனக்கு ரத்தம் நிக்கேல்லை. நாலு பை ஏத்தினவை. அடுத்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் வேலையா இதைச் சொல்லோணும் எண்டு அங்கத்தை டொக்டர் சொன்னவர்."

முதல் வேலையாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு டாக்டர் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். முதல் வேலையாக வாயைத் திறக்காதே என்று நான் சொல்லியிருக்கிறேன்.

கதவு மூடியது. டாக்டர் ஓடி வந்தார். சிஸ்டர் ஒரு சீட்டை என் கையில் திணித்து, "ரத்த வங்கிக்கு ஓடுங்க" என்றார். ஓடினேன். என் ரத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டினேன். அங்கிருந்த பெண் பிரஷர் பார்த்துவிட்டு, என்னை ஒரு படுக்கையில் படுக்க வைத்து, எழுந்தால் கட்டிப் போடுவேன் என்றாள். கொடுக்கப் போனவனை நோயாளி ஆக்கிவிட்டார்கள். நல்ல வேளையாக இருப்பில் அவளுக்குப் பொருந்தும் ரத்தம் இருந்தது, ஊழியர் ஒருவரே எடுத்துக்கொண்டு ஓடினார். சசிகரன் சிமெண்ட் கையோடு வந்து சேர்ந்து, பதிலுக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்தான்.

பன்னிரண்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் வெளியே கேட்டது. மரியதாஸ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ஆனால் சிஸ்டர் வெளியே வரவில்லை. முதல் பிரசவத்தில் நடந்தது போலவே ரத்தம் போக ஆரம்பித்திருந்தது. அது வரும் என்று தெரிந்து எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார்கள், அதனால் உடனே பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அரசு ஆஸ்பத்திரியில் காரியம் சாதிப்பது எப்படி என்று என்னை யாரும் கேட்கவில்லை.

சிஸ்டர் வந்தார். குழாயைத் திறந்து முகம் கழுவினார். "நின்னுடுச்சு" என்றார். சசிகரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"பத்து நிமிஷம் தாமதிச்சிருந்தா நான் வந்து வேற சேதி சொல்லியிருப்பேன் அண்ணா. எதுக்காக இவ்வளவும்?"

"அகதின்னு தெரிஞ்சா சேத்துக்க மாட்டாங்க, போலீசுக்குச் சொல்லிருவாங்கன்னு..."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. நானா நெனைச்சுக்கிட்டேன்."

"இத்தனை வருஷமா வர்றீங்களே, பிரசவத்துக்கு வந்தவள அட்டை இல்லேன்னு நான் திருப்பி அனுப்பிப் பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம்?"

கடலைத் தாண்டி வந்தவளிடம் நான் முதலில் கொடுத்தது ஒரு பயத்தை. அது அவளுடைய பயம்கூட இல்லை, என் கைச்சரக்கு. உங்களுக்கும் பயம் வரும், வராமல் இருக்காது. அதை விதி மாதிரி அவர்களிடம் சொல்லாதீர்கள். போய் விசாரியுங்கள். சில சமயம் பயப்பட வேண்டியதாகவே இருக்கும், அப்போதும் அவர்கள் வாயை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

மறுநாள் இன்னொரு சிக்கல் தெரிந்தது. தாய் சரோஜா என்று எழுதியிருந்தால், நிரோஜினியின் குழந்தை காகிதத்தில் யாருடையது? ஊரே இல்லாமல் வந்தவர்களுக்கு அந்த ஒரு காகிதம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "மெடிக்கல் ஆபீசர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றார் சிஸ்டர். பஸ்ஸில் வழியெல்லாம் மன்னிப்பு வாசகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மெடிக்கல் ஆபீசர் அதைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். தவறான விவரம் தந்தது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நம் அலுவலகத்தில் ஒரு மாதம் எனக்கு ஆஸ்பத்திரி வேலை கிடையாது, கோப்புகளைத் தூசி தட்டச் சொன்னார்கள். அதற்கு முன்பாக ஒரே ஒரு தடவை போய் வர அனுமதித்தார்கள், பதிவறையில் விவரங்களைத் திருத்தும்போது நிரோஜினிக்குக் கன்னடத்தை மொழிபெயர்க்க. அதை மட்டும் செய், வேறு எதுவும் பேசாதே என்று எச்சரித்துத்தான் அனுப்பினார்கள்.

அவள் இன்னும் வெளிறித்தான் இருந்தாள். குழந்தை மடியில் தூங்கியது. பதிவறைக் குமாஸ்தா சுருக்கமாகப் பேசுகிற கன்னடக்காரர். கேட்டார், நான் தமிழில் சொன்னேன். அவள் சொன்னாள், நான் கன்னடத்தில் சொன்னேன். நிரோஜினி. மன்னார். கணவர் சசிகரன். அடையாள அட்டை, முகாமில் கொடுத்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். இது எத்தனையாவது குழந்தை? இரண்டாவது. முதல் குழந்தை? இறந்துவிட்டது. அவர் ஒரு கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"ஐயா, அவனுக்குப் பேர் வைச்சனாங்கள். அதையும் எழுதுவினமோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ" என்றாள்.

எனக்குத் தெரியும், அந்தப் படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். அவள் கேட்டதை ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் கன்னடத்தில் கேட்டேன்.

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். படிவத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திருப்பிய பக்கத்தை மறுபடியும் முன்னால் கொண்டுவந்து, பேனாவை எடுத்துக்கொண்டு, "ஏனு ஹெசரு?" என்றார்.

என்ன பெயர் என்று கேட்கிறார் என நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆருஜன்" என்றாள்.